ஒரு மெத்தில் தொகுதி அளவு இடைவெளி: காக்ஸ்-2 தடுப்பான்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ரோஃபெகாக்ஸிப் என்ற வலிமாத்திரையை உருவாக்கிய வேதியியலாளர்கள் எந்த நொதியைத் தடுக்க நினைத்தார்களோ அதைத் தடுத்தார்கள். எதைத் தொடக்கூடாது என்று நினைத்தார்களோ அதைத் தொடாமல் விட்டார்கள். வடிவமைப்பு என்ற அளவில் அது முழு வெற்றி. வயாக்ஸ் என்ற பெயரில் 80க்கும் மேற்பட்ட நாடுகளில் அதை விற்றுக்கொண்டிருந்த மெர்க் நிறுவனம், மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது உறுதியானதால் 2004 செப்டம்பர் 30 அன்று அதைச் சந்தையிலிருந்து முழுவதுமாகத் திரும்பப் பெற்றது.

நிறுவனத்துக்கு எப்போது என்ன தெரியும், தெரிந்ததைச் சொன்னதா என்ற கோணத்தில் இதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அது முக்கியமான கேள்விதான், கீழே அதற்கும் வருவேன். ஆனால் மருந்து வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவர்கள் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு நொதியை மட்டும் தேர்ந்து தடுப்பது ஒரு வேலை. நல்ல விளைவை மட்டும் தேர்ந்து பெறுவது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எங்கே உடைந்தது என்பதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கப் போகிறோம்.

வயிற்றுப் புண்ணில் தொடங்கிய தேடல்

ஆஸ்பிரின் 1897இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் தூய வடிவில் தயாரிக்கப்பட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய இன்னும் 70 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஆஸ்பிரினும் அதன் வகை மாத்திரைகளும் உடலில் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதைத் தடுக்கின்றன என்று லண்டனில் ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுனே பெர்க்ஸ்ட்ரோம், பெங்ட் சாமுவெல்சன் என்ற இரு சுவீடன் நாட்டு அறிஞர்கள் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

செல் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது. சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி, சுருக்கமாகக் காக்ஸ், அதை புரோஸ்டாகிளாண்டின் எச்2 என்ற இடைப்பொருளாக மாற்றுகிறது. அப்புறம் ஒவ்வொரு வகை செல்லும் தன்னிடம் உள்ள அடுத்த நொதியைக் கொண்டு அதிலிருந்து தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது. வீங்கிய மூட்டில் அது வலியையும் வீக்கத்தையும் கூட்டும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 ஆகிறது. வயிற்றுச் சுவரில் அதே ஈ2, அமிலத்திலிருந்து சுவரைக் காக்கும் சளிப்படலத்தையும் பைகார்பனேட்டையும் சுரக்க வைக்கிறது. இரத்தத் தட்டுகளில் (பிளேட்லெட்) எச்2 உறைதலைத் தூண்டும் த்ராம்பாக்ஸேன் ஆகிறது. இரத்தக்குழாயின் உட்சுவரில் உறைதலைத் தடுக்கும் புரோஸ்டாசைக்ளின் ஆகிறது.

ஒரே மாத்திரையால் முழங்கால் வலி குறைவதும் வயிறு எரிவதும் ஏன் என்பது இதிலிருந்தே புரியும். முடக்குவாதம் போன்ற நோய்களில் இந்த மாத்திரைகளை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி எடுப்பவர்களில் சிலருக்கு வயிற்றில் இரத்தக்கசிவும் துளையும் வரும். பலருக்கு முன்னறிவிப்பே இருக்காது. இது உயிரைப் பறிக்கும் சிக்கல், அதனால் அதற்கு மாற்றுத் தேடியது முற்றிலும் நியாயமான தேடல். பின்னால் நடந்ததை வைத்து அந்தத் தேடலையே பேராசை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

1990 வாக்கில் செயின்ட் லூயிஸில் ஃபிலிப் நீடில்மேனின் குழு ஒரு விநோதத்தைக் கவனித்தது. அழற்சியைத் தூண்டினால் மோனோசைட் என்ற மனித வெள்ளை இரத்த அணுக்களில் காக்ஸ் செயல்பாடு புதிதாக எழுந்தது. டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு அந்தப் புதிய செயல்பாட்டை அடக்கியது, பழையதைத் தொடவில்லை. அப்படியென்றால் இரண்டு காக்ஸ் இருக்க வேண்டும். 1991இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் டேனியல் சிமன்ஸ் கோழிச் செல்களிலும், கலிஃபோர்னியாவில் ஹார்வி ஹெர்ஷ்மன் எலிச் செல்களிலும் அந்த இரண்டாவது நொதிக்கான மரபணுவைக் கண்டெடுத்தார்கள்.

இங்கேதான் அந்த அழகான எளிமை பிறந்தது. காக்ஸ்-1 எப்போதும் இருப்பது, வயிற்றைக் காப்பது, நல்லது. காக்ஸ்-2 அழற்சியில் மட்டும் எழுவது, வலி தருவது, கெட்டது. இரண்டாவதை மட்டும் தடுத்தால் போதும். மாநாட்டுப் படங்களிலும் விளம்பரங்களிலும் இந்தப் படம்தான் ஓடியது. சிறுநீரகத்திலும் மூளையிலும் காக்ஸ்-2 எப்போதும் இருக்கிறது என்றும், வயிற்றுப் புண் ஆறுவதற்கே காக்ஸ்-2 உதவுகிறது என்றும் 1990களிலேயே தெரிய வந்தது. ஆனால் படம் மாறவில்லை.

523ஆம் இடம்

இனி வேதியியல். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

காக்ஸ்-1இன் முப்பரிமாண அமைப்பை மைக்கேல் கராவிட்டோவின் சிகாகோ குழு 1994இல் வெளியிட்டது. காக்ஸ்-2இன் அமைப்பு 1996இல் வந்தது. இரண்டு நொதிகளிலும் வினை நடக்கும் இடம் ஒரு நீண்ட, குறுகிய சுரங்கத்தின் உள்ளே இருக்கிறது. அராக்கிடோனிக் அமிலம் அதற்குள் நுழைந்துதான் மாற வேண்டும். சுரங்கத்தின் வாயருகே, நொதியின் அமினோ அமில வரிசையில் 120ஆம் இடத்தில், ஓர் ஆர்ஜினைன் நிற்கிறது. உள்ளே 385ஆம் இடத்தில் உள்ள டைரோசின் வினையைத் தொடங்கி வைக்கிறது. 530ஆம் இடத்தில் உள்ள செரினில்தான் ஆஸ்பிரின் தன் அசெட்டைல் தொகுதியை நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது.

சுரங்கத்தின் சுவரை வரையும் அமினோ அமிலங்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் 523ஆம் இடத்தில் காக்ஸ்-1இல் ஐசோலூசின் இருக்கிறது, காக்ஸ்-2இல் வேலின் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு கார்பன்தான். வீட்டில் குறுகலான நடையில் ஒரு பீரோ பக்கத்து அறையின் கதவை மறித்து நிற்பதுபோல, காக்ஸ்-1இல் ஐசோலூசினின் அந்தக் கூடுதல் மெத்தில் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட தொகுதி) ஒரு பக்கக் குழியின் வாயை அடைத்து நிற்கிறது. காக்ஸ்-2இல் அது இல்லாததால் குழி திறந்து கிடக்கிறது. பக்கத்தில் 434ஆம் இடத்திலும் இதே ஐசோலூசின், வேலின் மாற்றம் இருப்பதால் வாய் இன்னும் கொஞ்சம் தளர்கிறது. குழிக்கு உள்ளே 513ஆம் இடத்தில் காக்ஸ்-1இல் ஹிஸ்டிடின், காக்ஸ்-2இல் ஆர்ஜினைன். பிடித்துக்கொள்ள அங்கே ஒரு மின்னூட்டம் உள்ள கை கிடைக்கிறது. மொத்தத்தில் காக்ஸ்-2இன் உள்ளிடம் சுமார் கால் பங்கு பெரியது.

இந்த அமைப்புகள் வெளியாவதற்கு முன்பே பொருத்தமான மூலக்கூறுகள் கையில் இருந்தன. டுபாண்ட் நிறுவனத்தின் டூப்-697, ஜப்பானில் தைஷோ நிறுவனத்தின் என்எஸ்-398 ஆகிய இரண்டும் விலங்குகளில் அழற்சியைக் குறைத்தன, ஆனால் வயிற்றைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. காக்ஸ்-2 கண்டுபிடிக்கப்பட்டதும் விளங்கிவிட்டது. இலக்கு தெரியாமல் கிடைத்த மூலக்கூறு, இலக்கு தெரிந்தபின் வடிவமைப்பின் தொடக்கப்புள்ளியானது. அமைப்பைப் பார்த்து மருந்தைச் செதுக்கினார்கள் என்று பாடநூல்களில் சொல்வது பாதி உண்மைதான். முதலில் வந்தது மூலக்கூறு. அது ஏன் பொருந்துகிறது என்பதைப் படிக அமைப்பு பிறகு சொன்னது.

டூப்-697இன் எலும்புக்கூடு எளிமையானது. நடுவில் ஐந்து அணு வளையம் ஒன்று, அதன் அடுத்தடுத்த இரண்டு மூலைகளில் இரண்டு பென்சீன் வளையங்கள், அவற்றில் ஒன்றின் நுனியில் சல்ஃபோன் என்ற கந்தகத் தொகுதி. அந்த நுனிதான் பக்கக் குழிக்குள் போய் 513ஆம் ஆர்ஜினைனைத் தொடுகிறது. சேர்ல் நிறுவனத்தில் ஜான் டாலியின் குழு நடு வளையத்தைப் பைரசோலாக மாற்றி, சல்ஃபோன் இருந்த இடத்தில் சல்ஃபோனமைடை வைத்தது. இதில் ஒரு சிக்கல் வந்தது. வளையத்தில் ஃபுளூரினோ குளோரினோ வைத்த சில மூலக்கூறுகளை உடலால் உடைக்கவே முடியவில்லை. எலியின் இரத்தத்தில் நாள்கணக்கில் தங்கின. தினசரி மாத்திரைக்கு அது ஆபத்து. எனவே அந்த ஃபுளூரினை, குளோரினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சாதாரண மெத்திலை வைத்தார்கள். கல்லீரலின் சிப்-2சி9 என்ற நொதிக்கு அந்த மெத்தில் பிடித்துக்கொள்ளும் இடமாகிவிட்டது. அதை ஆக்சிஜனேற்றம் செய்து மருந்தை வெளியேற்றுகிறது. மனிதரில் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம், சுமார் 11 மணி. இந்த மூலக்கூறுதான் செலிகாக்ஸிப். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1998 டிசம்பர் 31 அன்று அதற்கு அனுமதி தந்தது. கனடாவில் மெர்க் ஃபிராஸ்ட் ஆய்வகத்தில் உருவான ரோஃபெகாக்ஸிப்புக்கு 1999 மே மாதம் அனுமதி கிடைத்தது. அதில் சல்ஃபோன் அப்படியே இருந்தது.

இன்னொரு நுணுக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த மூலக்கூறுகள் காக்ஸ்-1இன் சுரங்கத்துக்குள்ளும் நுழையும். ஆனால் அங்கே உடனே வந்து உடனே வெளியேறிவிடும். காக்ஸ்-2இல் மெதுவாக உள்ளே அமர்ந்து, அமர்ந்தபின் எளிதில் வெளியேறாது. தேர்வுத்தன்மையின் பெரும்பகுதி இந்தத் தங்கும் நேரத்தில்தான் இருக்கிறது. காக்ஸ்-2இன் 523ஆம் வேலினை மட்டும் ஐசோலூசினாக மாற்றிச் சோதித்தபோது இந்தத் தடுப்பான்களின் பிடி தளர்ந்துவிட்டது. ஒரு மெத்தில் தொகுதியின் மேல் பல்லாயிரம் கோடி ரூபாய் வணிகம் நின்றது என்று சொன்னால் அது மிகையில்லை.

சோதனைக் குழாயில் இல்லாதது

ஒரு மருந்து எவ்வளவு தேர்வுத்தன்மை கொண்டது என்று அளக்க இத்தாலியில் கார்லோ பட்ரோனோவின் குழு ஒரு முறையை உருவாக்கியது. மனித இரத்தத்தை எடுத்து ஒரு பகுதியை உறைய விட்டு, எவ்வளவு த்ராம்பாக்ஸேன் உருவாகிறது என்று பார்ப்பார்கள். அது இரத்தத் தட்டுகளின் காக்ஸ்-1. இன்னொரு பகுதியை உறையாமல் வைத்து, பாக்டீரியா நச்சைச் சேர்த்து, ஒரு நாள் முழுக்க விட்டு, எவ்வளவு ஈ2 உருவாகிறது என்று பார்ப்பார்கள். அது மோனோசைட்டுகளின் காக்ஸ்-2. இரண்டையும் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் மருந்தின் அளவுகளை ஒப்பிட்டால் ஒரு விகிதம் கிடைக்கும்.

மெர்க் ஃபிராஸ்ட் குழு 2001இல் வெளியிட்ட அளவீட்டின்படி பழைய வலிமாத்திரையான டைக்ளோஃபினாக்கின் விகிதம் 3, செலிகாக்ஸிப் 7.6, ரோஃபெகாக்ஸிப் 35, அதற்கு அடுத்து வந்த காக்ஸ்-2 தடுப்பானான எடோரிகாக்ஸிப் 106. எண் கூடக் கூட வடிவமைப்பு மேம்படுகிறது என்ற கணக்கில் அடுத்தடுத்த மூலக்கூறுகள் வந்தன.

நல்ல அளவீடுதான். செல்களுக்கு நடுவில், புரதம் நிறைந்த உண்மையான இரத்தத்தில் செய்வதால் தூய நொதியில் செய்வதைவிட நம்பகமானது. ஆனால் அந்தக் குழாயில் இரத்தக்குழாயின் உட்சுவர் இல்லை, சிறுநீரகம் இல்லை. மருந்து அங்கெல்லாம் போய் என்ன செய்யும் என்று அந்த விகிதத்துக்குத் தெரிய வழியே இல்லை. விகிதத்தைப் பாதுகாப்பின் அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான் தவறு என்பது என் கருத்து.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேரட் ஃபிட்ஸ்ஜெரால்டு குழு 1999 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆரோக்கியமான மனிதர்களுக்கு செலிகாக்ஸிப் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தார்கள். த்ராம்பாக்ஸேனில் பெரிய மாற்றமில்லை, அது எதிர்பார்த்ததே. புரோஸ்டாசைக்ளினின் சிதைபொருள் மட்டும் நன்றாகக் குறைந்திருந்தது. நலமாக இருப்பவரின் உடலிலேயே புரோஸ்டாசைக்ளினின் பெரும்பகுதி காக்ஸ்-2 வழியாக வருகிறது என்றுதான் அதற்குப் பொருள். ஓடும் இரத்தம் சுவரை உரசும் விசையே உட்சுவர்ச் செல்களில் காக்ஸ்-2ஐ எழுப்பும் என்று 1996இலேயே செல் ஆய்வு ஒன்று காட்டியிருந்தது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். இரத்தத் தட்டுக்குக் கரு கிடையாது, அதில் இருப்பது காக்ஸ்-1 மட்டுமே. தேர்வுத்தன்மை கொண்ட மருந்து அதைத் தொடுவதில்லை, ஆகவே உறைதலைத் தூண்டும் த்ராம்பாக்ஸேன் குறையாது. உறைதலைத் தடுக்கும் புரோஸ்டாசைக்ளின் குறைந்துவிடுகிறது. பழைய வலிமாத்திரைகள் இரண்டையும் ஏதோ ஓர் அளவில் சேர்த்துக் குறைத்தன. புதியவை ஒன்றை மட்டும் குறைத்தன. வயிற்றைக் காத்த அதே தேர்வுத்தன்மைதான் இதயத்தைக் காவலில்லாமல் விட்டது. வயாக்ஸ் சந்தைக்கு வருவதற்கு நான்கு மாதம் முன்பே இந்த எச்சரிக்கை அச்சில் இருந்தது.

8,076 பேரும் 2,586 பேரும்

விகோர் என்ற பெரிய சோதனை 2000 நவம்பரில் வெளியானது. முடக்குவாதம் உள்ள 8,076 பேர். பாதிப் பேருக்கு நாளுக்கு 50 மில்லிகிராம் ரோஃபெகாக்ஸிப், பாதிப் பேருக்கு நாப்ராக்சன் என்ற பழைய வலிமாத்திரை 500 மில்லிகிராம் இரு வேளை. ஆஸ்பிரின் எடுப்பவர்களைச் சேர்க்கவில்லை. வயிற்று விஷயத்தில் கணக்கு பொய்க்கவில்லை. நூறு பேர் ஓராண்டு எடுத்தால் என்ற கணக்கில் நாப்ராக்சனில் 4.5 பேருக்குப் புண்ணோ இரத்தக்கசிவோ வந்தது, ரோஃபெகாக்ஸிப்பில் 2.1 பேருக்கு. பாதிக்கும் கீழே. அதே கட்டுரையில், மாரடைப்பு நாப்ராக்சன் குழுவில் 0.1 சதவீதம், ரோஃபெகாக்ஸிப் குழுவில் 0.4 சதவீதம்.

இந்த வேறுபாட்டுக்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். ரோஃபெகாக்ஸிப் இதயத்தைக் கெடுக்கிறது என்பது ஒன்று, நாப்ராக்சன் ஆஸ்பிரின்போல இதயத்தைக் காக்கிறது என்பது இன்னொன்று. நிறுவனம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. மருந்துப்போலி (மருந்தே இல்லாத மாத்திரை) எடுத்த குழு இல்லாததால் அந்தத் தரவை மட்டும் வைத்து எதுவென்று தீர்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஆபத்து எவ்வளவு பெரியது என்று பார்க்கும்போது, தனக்குச் சாதகமான விளக்கத்தை வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் விற்றது நியாயமே இல்லை. சோதனையின் கடைசிக் கட்டத்தில் வந்த மூன்று மாரடைப்புகள் வெளியான கட்டுரையில் சேராமல் போனதைச் சுட்டி, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2005 டிசம்பரில் தன் கவலையைப் பதிவு செய்தது.

தீர்ப்பு வேறொரு நோக்கத்துக்காக நடந்த சோதனையிலிருந்து வந்தது. பெருங்குடலில் திரும்பத் திரும்ப வரும் கட்டிகளை ரோஃபெகாக்ஸிப் தடுக்குமா என்று பார்க்க 2,586 பேரிடம் அப்ரூவ் சோதனை நடந்தது. இதில் ஒப்பீடு மருந்துப்போலியோடு. ரோஃபெகாக்ஸிப் 25 மில்லிகிராம் எடுத்தவர்களில் 46 பேருக்கு இரத்த உறைவு சார்ந்த நிகழ்வுகள், மருந்துப்போலிக் குழுவில் 26 பேருக்கு. சுமார் இரண்டு மடங்கு. நாப்ராக்சன் விளக்கம் அன்றோடு முடிந்தது. மருந்து விலக்கப்பட்டது. இந்தியாவிலும் 2004 டிசம்பரில் ரோஃபெகாக்ஸிப்புக்குத் தடை வந்தது. மெர்க் 2007இல் வழக்குகளைத் தீர்க்க 485 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

ரோஃபெகாக்ஸிப் மட்டும்தான் கெட்ட மூலக்கூறு என்று சொல்லவும் வாய்ப்பில்லாமல் போனது. அதே 2004 டிசம்பரில், இதேபோன்ற குடல் கட்டிச் சோதனையில் செலிகாக்ஸிப்பும் மாட்டிக்கொண்டது. இதய நிகழ்வுகள் மருந்துப்போலிக் குழுவில் 1 சதவீதம், நாளுக்கு 400 மில்லிகிராம் எடுத்தவர்களில் 2.3, 800 எடுத்தவர்களில் 3.4. மருந்தின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. வால்டிகாக்ஸிப் என்ற இன்னொரு காக்ஸ்-2 தடுப்பான் 2005 ஏப்ரலில் விலக்கப்பட்டது. அதில் இதயச் சிக்கலோடு கடுமையான தோல் எதிர்வினையும் சேர்ந்திருந்தது.

95 சதவீதம்

நாப்ராக்சனுக்கு இதய ஆபத்து ஏன் அவ்வளவாக இல்லை, பழைய மாத்திரையான டைக்ளோஃபினாக்குக்கு ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு வரும்போதுதான் கதை தெளிவாகிறது.

இரத்தத் தட்டின் காக்ஸ்-1ஐப் பாதியோ முக்கால்வாசியோ தடுத்தால் உறைதலில் பெரிய மாற்றம் வராது. கொஞ்சம் த்ராம்பாக்ஸேன் இருந்தாலே தட்டுக்குப் போதும். 95 சதவீதத்துக்கு மேல், அதுவும் நாள் முழுக்கத் தடுத்தால்தான் உறையும் திறன் குறையும். குறைந்த அளவு ஆஸ்பிரின் இதைச் செய்கிறது, ஏனென்றால் அது நொதியை நிரந்தரமாக முடக்குகிறது, கருவில்லாத தட்டால் புதிய நொதியைச் செய்துகொள்ள முடியாது. 500 மில்லிகிராம் நாப்ராக்சனை இரு வேளை எடுத்தால் அதன் நீண்ட ஆயுளால் பலருக்கு அந்த அளவை எட்டிவிடும். டைக்ளோஃபினாக் சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். காக்ஸ்-2ஐ நன்றாகத் தடுக்கும், காக்ஸ்-1ஐ ஓரளவுக்குத்தான். அந்த ஓரளவு, தட்டின் கணக்கில் பூஜ்யம்தான். பெயரில் பழைய மாத்திரையாக இருந்தாலும் இதயத்தைப் பொறுத்தவரை அது ஒரு காக்ஸ்-2 தடுப்பான்.

இது வெறும் ஊகமில்லை. நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தொகுத்து 2013இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், காக்ஸ்-2 தடுப்பான்களும் டைக்ளோஃபினாக்கும் பெரிய இரத்தநாள நிகழ்வுகளைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டின. நாப்ராக்சன் கூட்டவில்லை. ஆனால் மேல்வயிற்றுச் சிக்கலை நாப்ராக்சன் சுமார் நான்கு மடங்காக்கியது, காக்ஸ்-2 தடுப்பான்கள் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக. வயிறா இதயமா என்ற தேர்வு இந்த நொதிகளின் மட்டத்தில் தவிர்க்க முடியாததாக இருக்கிறது. இதய செயலிழப்பு ஆபத்தை மட்டும் எல்லா வகைகளும் கூட்டின, ஏனென்றால் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்குவது அவை எல்லாவற்றுக்கும் பொது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மெடல் என்ற சோதனைத் தொகுப்பைப் பார்க்க வேண்டும். 34,701 பேரிடம் எடோரிகாக்ஸிப்பை டைக்ளோஃபினாக்கோடு ஒப்பிட்டு, இதய நிகழ்வுகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்று 2006இல் அறிவித்தார்கள். எண்கள் சரியானவை. ஆனால் ஒப்பிட எடுத்த மருந்தே அதே குறையுள்ளது என்றால், சமம் என்ற முடிவு யாருக்கு ஆறுதல் தரும்? 2007இல் எஃப்.டி.ஏ. எடோரிகாக்ஸிப்புக்கு அனுமதி மறுத்தது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அது விற்பனையில் இருக்கிறது.

செலிகாக்ஸிப் தப்பியது. 24,081 பேரிடம் நடந்து 2016இல் வெளியான பிரிசிஷன் சோதனையில் அது நாப்ராக்சனையும் இப்யூபுரோஃபெனையும்விட மோசமில்லை என்று தெரிந்தது. அந்தச் சோதனையில் சராசரி அளவு நாளுக்குச் சுமார் 209 மில்லிகிராம்தான். குடல் கட்டிச் சோதனையில் ஆபத்து தெரிந்த அளவில் ஏறக்குறைய பாதி. அதோடு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் மாத்திரையை இடையில் நிறுத்திவிட்டார்கள். மிதமான தேர்வுத்தன்மை, குறைந்த அளவு, நடுத்தர ஆயுள் ஆகிய மூன்றும் சேர்ந்து செலிகாக்ஸிப்பைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நினைக்கிறேன். விகித அட்டவணையில் 7.6 என்று பின்தங்கி நின்ற மூலக்கூறுதான் கடைசியில் நிலைத்தது.

தேர்வுத்தன்மை என்றால் காக்ஸ்-1 மட்டும்தான் எதிர்த்தரப்பு என்ற எண்ணமும் சரியில்லை. செலிகாக்ஸிப்பின் சல்ஃபோனமைடு, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற முற்றிலும் வேறொரு நொதியின் துத்தநாகத்தையும் மிகக் குறைந்த செறிவிலேயே பற்றிக்கொள்கிறது என்று 2004இல் கண்டார்கள். சல்ஃபோன் உள்ள ரோஃபெகாக்ஸிப்புக்கு அந்தப் பிடி கிடையாது. உடம்பில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கும்போது இரண்டே புரதங்களுக்கு நடுவில் எடுத்த விகிதம் எவ்வளவு சிறிய தகவல் என்பதற்கு இது நல்ல சான்று.

உட்சுவரின் புரோஸ்டாசைக்ளின் உண்மையில் எந்த நொதியிலிருந்து வருகிறது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எலிகளின் இரத்தநாளத்தில் மட்டும் காக்ஸ்-2ஐ நீக்கியபோது உறைவும் இரத்த அழுத்தமும் கூடின என்று ஃபிட்ஸ்ஜெரால்டு குழு 2012இல் காட்டியது. நாளச் சுவரில் பெரும்பாலும் காக்ஸ்-1தான் இருக்கிறது, ஆபத்தின் வேர் சிறுநீரகத்தில் இருக்கலாம் என்று லண்டனில் ஜேன் மிட்செல் குழு வாதிடுகிறது. எது சரியானாலும், மூட்டுக்கு வெளியே இருந்த காக்ஸ்-2ஐ வடிவமைப்பின்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பது மாறப்போவதில்லை.

அடுத்த படியில் தடுப்பது

இப்போது சில ஆய்வகங்கள் காக்ஸை விட்டுவிட்டு ஒரு படி கீழே இறங்கியிருக்கின்றன. எச்2 என்ற இடைப்பொருளை ஈ2 ஆக மாற்றும் எம்பிஜெஸ்-1 என்ற நொதியை மட்டும் தடுக்கும் முயற்சி இது. வலி தரும் ஈ2 குறையும், புரோஸ்டாசைக்ளின் உருவாகும் வழி திறந்தே இருக்கும். தேங்கும் எச்2 அந்த வழியில் திரும்பினால் இதயத்துக்கு நல்லதாகக்கூட அமையலாம். ஆனால் வேறு வழியில் திரும்பவும் கூடும். எந்த செல்லில் அடுத்த நொதி எது இருக்கிறதோ அதைப் பொறுத்தது. இதில் நடைமுறைத் தடை ஒன்றும் உண்டு. மனித நொதியைத் தடுக்கும் பல மூலக்கூறுகள் எலியின் நொதியைத் தடுப்பதில்லை, அங்கும் வினையிடத்துக்கு அருகே சில அமினோ அமிலங்கள் வேறு. கினிப்பன்றியிலோ மனித மரபணு புகுத்திய எலியிலோதான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர் மருந்துக் கடைகளில் எடோரிகாக்ஸிப் 60, 90, 120 மில்லிகிராம் மாத்திரைகளாகக் கிடைக்கிறது. முழங்கால் வலிக்கு, இடுப்பு வலிக்கு என்று பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குகிறவர்கள் உண்டு. ஐரோப்பிய விதிகளின்படி மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும், இரத்த அழுத்தம் 140/90க்கு மேல் கட்டுப்படாமல் இருப்பவர்களுக்கும் இதைக் கொடுக்கவே கூடாது. 120 மில்லிகிராம் என்பது கவுட் என்ற மூட்டு நோயின் திடீர் வலிக்கு மட்டும், அதிகபட்சம் எட்டு நாள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இதை வழக்கமாக எடுத்துக்கொண்டிருந்தால், இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று மருத்துவரிடம் மறுபடி ஒருமுறை கேளுங்கள்.